தேன்கூட்டில் பொங்கிய பால்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ராஜபாளையத்தில் ஓடிய எந்த வண்டியும் பொகை அண்ணாச்சிக்குத் தெரியாமல் மூச்சு விட்டதில்லை. லாரி, பஸ், மில் முதலாளிகளின் கார், வயலில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் எதுவானாலும் சரி, பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வருகிற புகையில் ஒரு கை அள்ளி மோந்து பார்த்து, அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். பாதி ஜாதகம் பலிக்கும். பலிக்காத பாதியை ஊர் பெரிய மனதோடு மறந்துவிடும். அண்ணாச்சி மறக்கவும் மாட்டார், தப்பு என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. தமிழ் பேசுகிறவர்கள் பொகை என்றோம். ஊரில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம், அவர்களுக்கும் புகை என்றால் 'பொக'தான். மொழிபெயர்ப்பே தேவைப்படாத பட்டப்பெயர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தென்காசி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, சைலன்சர் வெல்டிங் மட்டும் செய்துவந்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது தள்ளிக்கொண்டு வந்தால், "அது முன்பக்கத்து விவகாரம், நான் பின்பக்கத்து ஆளு" என்று அடுத்த பட்டறைக்குக் கை காட்டிவிடுவார்.

ஊருக்கு அவருடைய முகத்தைவிடப் பாதங்களைத்தான் நன்றாகத் தெரியும். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து வேலை பார்ப்பார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களிடம்தான் நாம் பேச வேண்டும். பெருவிரல் ஆடினால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஆடாவிட்டால் தூங்கிவிட்டார். கையில் ஸ்பேனரைப் பிடித்தபடியே தூங்குகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. எழுப்பினால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். எங்கோ தூரதேசம் போய்த் திரும்பியவராக மெல்லக் கண்ணைத் திறந்து, வண்டி என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்பார்.

பக்கத்திலேயே அவருடைய நாயும் படுத்திருக்கும். அசல் ராஜபாளையம் ஜாதி, பால் வெள்ளையாகப் பிறந்தது. கொட்டகைக்கு வந்து சேர்ந்த பிறகு அது சாம்பல் நிறமாகிவிட்டது. குட்டி கேட்டு வந்தவர்கள் எல்லாம் அதன் ஜாதியைச் சந்தேகப்பட்டுத் திரும்பிப் போனார்கள். வெள்ளை உள்ளே இருக்கிறது, குளிப்பாட்டினால் தெரியும் என்று அண்ணாச்சி சொல்வார். குளிப்பாட்டித்தான் யாரும் பார்த்ததில்லை.

புகையைப் பற்றி அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. சாயங்கால வேளையில், மேற்கே மலை நீலமாகிக்கொண்டிருக்கும்போது, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அதை யாரிடமாவது சொல்லுவார். "மனுசன் படுத்தாக் கனாக் காணுறான். வண்டி ஓடுனாக் கனாக் காணுது. பொகைங்கிறது அது காணுற கனாதான்." கேட்டவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலைக் குடித்த வண்டிக்குக் கெட்ட கனா வரும், அதுதான் கறுப்பாக வருகிறது என்பது அந்தக் கொள்கையின் இரண்டாம் பாகம். அவர் சொல்லும்போது எதிரே போகும் லாரியின் புகையை நாமும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவோம் என்பதுதான் வேடிக்கை.

கொள்கைப் பிடிப்பு உள்ளவர்களால் பிறருக்குத் தொந்தரவு உண்டு. செட்டியார்பட்டியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கார் வந்து நின்றதும் எல்லோரும் ஆரத்தித் தட்டோடு முன்பக்கம் ஓட, அண்ணாச்சி மட்டும் பின்பக்கம் போய்க் குத்தவைத்தார். மோந்து பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இந்த வண்டி குற்றாலம் போய்ச் சேராது என்று அறிவித்தார். நல்ல காரியத்தில் வாய் வைக்கலாமா என்று பெண்ணுடைய தாய்மாமா அவரைப் பந்தியிலிருந்தே எழுப்பிவிட்டார். கார் குற்றாலம் போய், அருவியில் குளித்த ஜோடியைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தது. அண்ணாச்சி அசரவில்லை. ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான், மாப்பிள்ளையின் யோகம் வண்டியை ஓட்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய்ச் சேர்ந்தது என் மூச்சுக்கோளாறினால். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான், தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பில் ஒரு காந்தத்தையும் இரும்புத்தூளையும் வைத்துக்கொண்டு நின்றபோது, எதிரே இருந்த பிள்ளைகளின் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன். சாகும்வரை இதைத்தான் செய்யப்போகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆனால் எனக்குப் பிறந்ததிலிருந்து இளைப்பு. தினமும் போய்வரும் பஸ்ஸின் டீசல் புகை மூக்கில் ஏறினால், வழியில் வரும் வன்னியம்பட்டி தாண்டுவதற்குள் நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது பாடம் நடத்த மூச்சு மிச்சமிருக்காது. வாரத்தில் ஒரு நாள் லீவு, சில வாரம் இரண்டு.

அதற்காகவே அப்பா கார் வாங்கினார். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சிக்கனத்தின் சிகரம், கார் வாங்குவார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. மெட்ராஸில் ஒருவர் கொஞ்ச காலம் ஓட்டி விற்ற சின்ன வெள்ளைக் கார். இது புகையைக் கழுவி விடுகிற வண்டி என்று தரகர் சொன்னதில் அப்பா விழுந்துவிட்டார். சொன்னது பொய்யும் இல்லை. எஞ்சினிலிருந்து வரும் புகை சைலன்சருக்குப் போகும் வழியில் ஒரு தகரப் பெட்டிக்குள் புகுந்து வெளியேறும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று பெயர். புகையில் இருக்கும் நஞ்சில் பெரும்பகுதியை அது முறித்துவிடும். அப்போது மெட்ராஸ் மாதிரியான பெரிய ஊர்களில்தான் அந்தப் பெட்டி வைத்த கார்கள் வந்திருந்தன.

ஒரே ஒரு நிபந்தனை. ஈயம் கலக்காத பெட்ரோல்தான் போட வேண்டும், ஈயம் படிந்தால் பெட்டி கெட்டுவிடும். கண்ணாடியில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பெட்ரோல் மதுரையில் கிடைத்தது, எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மதுரையில் நிரப்பியது தீர்ந்ததும் அப்பா ராஜபாளையத்திலேயே கிடைத்ததைப் போட்டார். வேண்டாம் என்று நான் தடுத்தபோது அவர் சொன்ன நியாயத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை. "ஈயச்சொம்புல வச்ச ரசத்தைக் குடிச்சு வளர்ந்த பிள்ளதானே நீ. உனக்கு என்ன ஆச்சு?" சொம்பில் இருப்பது வெள்ளீயம், பெட்ரோலில் இருப்பது காரீயம், இரண்டும் வேறு என்று விளக்கினேன். நிறம்தானே வேறு என்று சொல்லி முடித்துவிட்டார். பித்தளைப் பாத்திரத்துக்கே ஈயம் பூசித்தான் புளி கரைக்கிறோம், எஞ்சினுக்கும் ஒரு பூச்சு இருந்தால் நல்லதுதான் என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

சில மாதங்களில் காருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது. மம்சாபுரத்திலிருந்து வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டி எங்களுக்குப் பின்னால் வெகுநேரம் பொறுமையாக வந்து, பிறகு மணியடித்து முந்திக்கொண்டு போனது. அப்பா வண்டிக்காரரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். காரும் நானும் ஒரே வியாதிக்காரர்கள் ஆகிவிட்டோம்.

அந்தப் பெட்டிதான் அடைத்திருக்கிறது என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொன்னார். வைத்தியமும் சொன்னார். பெட்டியைக் கழற்றி, கடப்பாரையால் நாலு குத்துக் குத்தி, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியை மாட்டினால் வண்டி பறக்கும். டீக்கடையில் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள். பறக்கும்தான், ஆனால் புகை கழுவப்படாமல் அப்படியே வரும். பஸ்ஸுக்குப் பதில் கார் வாங்கிய காரியமே பாழ். அப்பா வேறு வழி தெரியாமல், குத்துகிற வேலையைப் பக்குவமாகச் செய்யட்டும் என்று காரைப் பொகை அண்ணாச்சியிடம் கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

அண்ணாச்சி வழக்கம்போலப் பின்னால் குத்தவைத்து ஒரு கை அள்ளி மோந்தார். ஜாதகம் சொல்லவில்லை. மறுபடி மோந்தார். பிறகு அடியில் போய்ப் படுத்துப் பெட்டியைக் கழற்றி, படுத்தபடியே ஓரத்தை அறுத்துத் திறந்தார். நாங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெருவிரல் ஆடியது, ஆடியது, நின்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்று அப்பா பெருமூச்சு விட்டபோது அடியிலிருந்து குரல் வந்தது.

"போஸ்ட்மாஸ்டரய்யா, இதுக்குள்ள யாரோ தேன்கூடு கட்டி வச்சிருக்காக."

உண்மையாகவே அது தேன்கூடுதான். பீங்கானில் செய்தது, ஊசி நுழைகிற அளவுக்கு நெருக்கமான கண்ணறைகள். அதைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். அடைபடாத சில கண்ணறைகள் வழியாக வெளிச்சம் புள்ளிப்புள்ளியாக அவர் முகத்தில் விழுந்தது. இது என்ன செய்யும் என்று என்னிடம் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

"பொகையில இருக்க கெட்டது அம்புட்டையும் இது தின்னுருமாக்கும்?"

முக்கால்வாசியைத் தின்றுவிடும், அதனால்தான் எனக்காக அப்பா இந்தக் காரை வாங்கினார் என்று என் இளைப்புக் கதையையும் சொன்னேன். அண்ணாச்சி என்னையும் தேன்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயில் புகைந்துகொண்டிருந்த பீடியை எடுத்து, தரையில் தேய்த்து அணைத்து, காதில் செருகிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு நான் இருக்கும் இடத்தில் அவர் பீடி பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை. காதில் செருகிய பீடி மட்டும் எப்போதும் இருக்கும்.

குத்திக் கொட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். ஈயம் ஏறிச் செத்துப்போனது திரும்ப வராது என்று புத்தகத்தில் படித்ததை நான் சொன்னேன். "செத்துப்போச்சா மயங்கிக் கெடக்கான்னு பார்க்காம எடுத்துக் கொட்டுறதுக்கு நான் யாரு டீச்சரம்மா" என்று கேட்டார். கார் கொட்டகையில் செங்கல் மேல் ஏறி நின்றது.

அதுவரை நான் எப்படிப் பள்ளிக்கூடம் போவது? அதற்கும் அண்ணாச்சியே வழி சொன்னார். இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் பஸ்கள் எல்லாவற்றின் புகையும் அவருக்கு மனப்பாடம். காலையில் வரும் பச்சை நிற பஸ்ஸுக்கு இப்போதுதான் எஞ்சின் வேலை பார்த்திருக்கிறார்கள், அதில்தான் ஏற வேண்டும், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் சன்னலோரம் உட்கார வேண்டும், காற்று மலையிலிருந்து வருவதால் புகை அந்தப் பக்கம் திரும்பாது. டிரைவரிடமும் போய், டீச்சரம்மா ஏறினால் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடாதே என்று சொல்லி வைத்தார். அந்தக் காலைகள் இன்றும் எனக்கு ஞாபகத்தில் இருக்கின்றன. பஸ் அத்தனை மெதுவாக, அத்தனை அடக்கமாகப் போகும். ஈரக்காற்று முகத்தில் படும், மலைமேல் மேகம் படுத்திருக்கும், நான் பாதித் தூக்கத்தில் ராஜபாளையம் போய் இறங்குவேன். மற்ற பயணிகளுக்கு மட்டும் டிரைவருக்கு என்ன ஆயிற்று என்று புரியவில்லை.

ஒரு நாள் பச்சை பஸ் வரவில்லை. வேறு பஸ்ஸில் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் ஆய்வகப் பெஞ்சில் சுருண்டு கிடந்து, மதியம் வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். மறுநாள் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, கூப்பிட்டார். நல்ல மனுஷி, திட்டவில்லை. முழுப்பரீட்சை வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் மறுபடி இப்படி நடந்தால் என்னை நிரந்தரம் செய்யச் சொல்லி நிர்வாகத்திடம் பேச முடியாது, உடம்பைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பதே நல்லது என்றார். அவர் அன்பாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆய்வகத்தில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்பா இதை அந்தக் கால்களிடம் சொன்னாராம். பெருவிரல் ஆடுவது நின்றுபோனதாம். மறுநாள் காலை அண்ணாச்சி தேன்கூட்டை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். அவருடைய மனைவியின் தம்பி அங்கே பால்கோவா போடுகிறவர். பித்தளைக்குப் புளி, அழுக்குக்கு நெருப்பு என்பதுதான் அண்ணாச்சியின் வைத்தியம். ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறிய கூட்டை இனிச் சுட வேண்டும். வெல்டிங் நெருப்பில் காட்டினால் பீங்கான் வெடித்துவிடும். மெதுவாக, ஒரே சீராகச் சுடுகிற நெருப்பு வேண்டும். முந்திரிக்கொட்டைத் தோட்டைப் போட்டு எரிக்கும் பால்கோவா அடுப்பைவிடச் சீரான நெருப்பு எங்கள் ஊரில் கிடையாது.

கொதிக்கும் பால் சட்டிக்குக் கீழே, அடுப்பின் ஓரத்தில் தேன்கூட்டைச் செருகி வைத்தார்கள். மச்சினருக்கு இதில் இஷ்டமே இல்லை. கடை வாசலில் யாரோ கூப்பிட, பாலைக் கிண்டிக்கொண்டிருங்கள் மச்சான் என்று துடுப்பை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டுப் போனார். உலகத்தில் வேறு யார் கையிலாவது கொடுத்திருக்கலாம். நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, தேன்கூட்டின் கண்ணறைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பதைப் பார்த்தாராம். அதற்குள் ஒரு ஊரே இருக்கிற மாதிரி, வீட்டுக்கு வீடு விளக்கு ஏற்றுகிற மாதிரித் தெரிந்ததாம். பிறகு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை போட்ட பால் பொங்கி, சட்டி விளிம்பைத் தாண்டி, பழுத்துச் சிவந்த தேன்கூட்டின் மேல் மொத்தமாக இறங்கியது.

மச்சினர் ஓடிவந்து பார்த்து, "பால் போச்சே மச்சான்" என்று தலையில் கை வைத்தார்.

கண்ணைத் திறந்த அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார். "போகலடே. பொங்கிருக்கு."

புது வீட்டில் பால் பொங்கினால் அந்த வீடு விளங்கும் என்பது ஊர் வழக்கம். கூடும் ஒரு வீடுதான், அதிலும் யாரும் காய்ச்சாமல் தானாகப் பொங்கியிருக்கிறது, இதைவிட நல்ல சகுனம் உண்டா என்பது அவர் வாதம். கழுவினால் சகுனத்தைக் கழுவியதாகிவிடும் என்று சொல்லி, கூட்டை அப்படியே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்து வெல்டிங் போட்டு, காரில் மாட்டிவிட்டார்.

கார் ஓடியது. சுட்டதில் அடைப்பு எரிந்துபோயிருக்க வேண்டும், மாட்டுவண்டிகளை எல்லாம் நாங்கள் முந்தினோம். ஆனால் ஊருக்கு அதுவா பெரிது? கார் போன வழியெல்லாம் பால்கோவா மணந்தது. சூடேறச் சூடேறக் கூட்டுக்குள் இறங்கிய பாலும் சர்க்கரையும் கருகி, பின்னாலிருந்து இனிப்பு வாசமாக வந்துகொண்டே இருந்தது. வன்னியம்பட்டி நிறுத்தத்தில் நின்றவர்கள் மூக்கைத் தூக்கி நாலு திசையும் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் வேலையை மறந்து எங்கள் பின்னாலேயே வெகுதூரம் வந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோது ஒரு அம்மா கண்ணாடியைத் தட்டி, அரைக்கிலோ கொடுங்கள் என்று பையை நீட்டினார். பெரிய டீச்சர் தன் அறையிலிருந்து வெளியே வந்து வராந்தாவில் நின்று, பிள்ளைகளோடு பிள்ளையாக மோந்து பார்த்ததை நானே பார்த்தேன்.

சாயங்காலங்களில் திரும்பி வரும்போது நான் பின்சீட்டில் சாய்ந்துகொள்வேன். மலை நீலமாகி, பிறகு கறுக்கும். அப்பா ஏதோ பேசிக்கொண்டு மெதுவாக ஓட்டுவார். அந்த இனிப்பு வாசத்தில் என் கண் தானாக மூடிக்கொள்ளும். வண்டி கனாக் காண்கிறது என்று அண்ணாச்சி சொன்னதை அப்போது நான் முழுசாக நம்பினேன். அது காண்கிற கனாவுக்குள் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம், நெஞ்சில் விசில் இல்லை, வேலை போகாது, உலகத்தில் எந்தக் குறையும் இல்லை.

அண்ணாச்சியைக் கேட்க வேண்டுமா? மெட்ராஸ்காரனுக்கே தெரியாத வைத்தியம் என்று வருகிற போகிற லாரிக்காரர்களிடம் எல்லாம் சொன்னார். பஸ்ஸுக்கெல்லாம் ஒரு படி பால் ஊற்றிப் பார்த்தால் என்ன என்றுகூட யோசித்தார்.

நாளாக ஆகப் பால்கோவா வாசம் மெலிந்தது. அதற்கு அடியிலிருந்து வேறொரு வாசம் மெதுவாக எழும்பியது, மூக்கை அறுக்கிற பச்சைப் பெட்ரோல் நெடி. ஒரு நாள் ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்தபோது பின்னாலிருந்து அது சுழன்று உள்ளே வந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது நெஞ்சுக்குள் விசில். முழுப்பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அன்றைய பாடங்களைக் கரும்பலகையில் எழுதியே நடத்தினேன், வாயைத் திறக்கவில்லை. இன்னும் எத்தனை நாள் இப்படி ஏமாற்ற முடியும் என்று பயமாக இருந்தது. சாயங்காலம் நேராகக் கொட்டகைக்குப் போனோம்.

அண்ணாச்சி குத்தவைத்து மோந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நாய்கூட வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மயக்கம்னு நெனச்சேன் டீச்சரம்மா. செத்துத்தான் போயிருக்கு. பால் வாசத்துல எனக்கே தெரியல. நான் சொன்னது தப்பு."

பொகை அண்ணாச்சி தன் ஜாதகம் தப்பு என்று ஒப்புக்கொண்டதை ராஜபாளையத்தில் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு வேலையைப் பற்றிய கவலைகூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. அவரைத் தேற்ற வேண்டும் போலிருந்தது.

மறுநாள் கொட்டகை பூட்டியிருந்தது. அண்ணாச்சி மதுரைக்குப் போயிருந்தார். பழைய வண்டிகளைப் பிரித்துப்போடும் இடங்களில் புகுந்து, இதே மாதிரிப் பெட்டியுள்ள காரைத் தேடியிருக்கிறார். மரத்தில் மோதி முன்பக்கம் நொறுங்கிய ஒரு மெட்ராஸ் கார் அகப்பட்டது. முன்பக்கத்து விவகாரம்தான் அவருக்கு வேண்டாமே. புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாராம். சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தால் ஈயம் குடித்த வண்டி, கறுத்திருந்தால் குடிக்காதது. விரல் கறுப்பாக வந்ததும் பெட்டியை அங்கேயே கழற்றி எடுத்துக்கொண்டார். முந்தின ராத்திரியே அப்பா கொடுத்தனுப்பிய பணம் போதுமானதாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாராம். லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரிடம், மடியில் உட்கார்ந்து வருகிற பிள்ளைக்கு டிக்கெட் கேட்பாயா என்று சண்டை. பெட்டி குலுங்கினால் கூடு உடைந்துவிடும் என்று மதுரையிலிருந்து ராஜபாளையம் வரை அவர் கண்ணை மூடவே இல்லை என்று அதே கண்டக்டர் பிற்பாடு சொன்னார். அண்ணாச்சி பயணத்தில் தூங்காமல் வந்ததை யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன்.

பெட்ரோலுக்கும் வழி பிறந்தது. மதுரை போய்வருகிற லாரிக்காரர்களில் அண்ணாச்சியிடம் ஓட்டை அடைக்காதவர் யாருமில்லை. ஆளுக்கொரு தடவை ஈயமில்லாத பெட்ரோலைக் கேனில் பிடித்து வந்து கொட்டகையில் இறக்கிவிட்டுப் போவது என்று அவர்களிடம் பேசி முடித்துவிட்டார். இனி ராஜபாளையம் பெட்ரோல் போடக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வேறு வாங்கினார். ஈயச்சொம்பைப் பற்றி அப்பா அதற்குப் பிறகு பேச்செடுக்கவில்லை.

பெட்டியை மாட்டிய அன்று பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே கொட்டகைக்குப் போனேன். வெயில் இறங்கிவிட்டது. அப்பா எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார், பெட்டி சூடேறினால்தான் வேலை செய்யும். அண்ணாச்சி பின்னால் குத்தவைத்து ஒரு கை அள்ளினார். மோந்தார். இன்னொரு கை அள்ளினார். கண்ணை மூடி மோந்தார். வாழ்நாளெல்லாம் எந்த வண்டியிலும் ஏதாவது ஒரு வாசத்தைக் கண்டுபிடித்தவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நாயும் வந்து மோந்து பார்த்துவிட்டு, சுவாரசியம் இல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஒண்ணும் வரலையே டீச்சரம்மா" என்றார். சந்தோஷமா ஏமாற்றமா என்று அவருக்கே தெரியவில்லை. "நல்லாத் தூங்குது. கனாவே காணல."

பிறகு என்னைக் கூப்பிட்டார். "எம்மூக்கை இனி நம்பப்பிடாது. செத்த நேரம் நீங்க வந்து பாருங்க. தள்ளியே இருங்க, முட்டுச்சுன்னா எந்திரிச்சுருங்க."

பிறந்ததிலிருந்து புகையைக் கண்டால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள் நான். தென்காசி ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, ஒரு காரின் பின்னால், பொகை அண்ணாச்சிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். பயந்து பயந்து மெல்ல மூச்சை இழுத்தேன். பெட்ரோல் நெடி இல்லை. கருகல் இல்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாக இழுத்தேன். நெஞ்சுக்குள் விசில் இல்லை. அண்ணாச்சி தன் மூச்சை நிறுத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் வருதா?"

ஒன்றும் வரவில்லை என்று தலையாட்டினேன். அது முழு உண்மை இல்லை. ஒரே ஒரு வாசம் வந்தது. அவர் காதில் பற்றவைக்காமல் செருகியிருந்த பீடியின் வாசம்.

முழுப்பரீட்சை முடிந்ததும் வேலை நிரந்தரமானது. அதே பள்ளிக்கூடத்தில், அந்தப் பெரிய டீச்சர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் ஓய்வு பெற்றேன். இப்போது எல்லாக் கார்களிலும் அந்தப் பெட்டி இருக்கிறது, எந்தக் கார் போனாலும் பெரிதாக வாசமே இல்லை. அண்ணாச்சி இல்லை, அந்தத் தகரக் கொட்டகையும் இல்லை. எப்போதாவது பஸ் நிறுத்தத்தில், பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர் சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்துப் பிரிப்பார். மற்றவர்கள் மூக்கைச் சுளித்து நகர்ந்துகொள்வார்கள். அவர் தீக்குச்சியைக் கிழிக்கும்வரை நான் மட்டும் அங்கேயே நின்று நன்றாக மூச்சை இழுத்துக்கொள்வேன். அந்த வாசத்துக்கு எனக்கு ஒரு நாளும் இளைப்பு வந்ததில்லை.